118-ஐத் தொடுவது எப்படி? வாக்குகள் பெரும்பான்மையாக மாறும் கணக்கு

2001-ஆம் ஆண்டு தமிழ்நாடு சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க. பெற்ற வாக்குகள் 31.44 விழுக்காடு, தி.மு.க. பெற்றவை 30.92 விழுக்காடு. இரண்டுக்கும் இடையே அரை விழுக்காடுதான் வேறுபாடு. ஆனால் அ.தி.மு.க. 132 இடங்களில் வென்று தனித்தே ஆட்சி அமைத்தது, தி.மு.க.வுக்குக் கிடைத்தவை வெறும் 31 இடங்கள். இந்த எண்களை முதன்முறையாகப் பார்ப்பவர்களில் சிலர் அச்சுப்பிழை என்று நினைப்பார்கள். வேறு சிலர் வாக்கு எண்ணிக்கையில் ஏதோ முறைகேடு நடந்திருக்கிறது என்றே முடிவு கட்டிவிடுவார்கள். அச்சுப்பிழையும் இல்லை, முறைகேடும் இல்லை. நம் தேர்தல் முறையில் வாக்குகள் இடங்களாக மாறும் விதமே அப்படித்தான் இருக்கிறது.

இதைத் தெரிந்துகொள்ளாமலேயே நாம் ஒவ்வொரு தேர்தலிலும் “இந்தக் கட்சி பெரும்பான்மை பிடிக்குமா” என்று மணிக்கணக்கில் விவாதிக்கிறோம். மாநாட்டுக்கு வந்த கூட்டத்தைக் காட்டி ஒருவர் பேசுகிறார். கருத்துக்கணிப்பு விழுக்காட்டைக் காட்டி இன்னொருவர் பேசுகிறார். எதிர்பார்த்தது நடக்கவில்லை என்றால், ஏமாற்றம் உடனே சந்தேகமாக மாறிவிடுகிறது. வாக்காளர்களுக்குத் தேர்தல் மீதுள்ள நம்பிக்கையே இப்படிக் கரைவதைப் பார்த்துத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். நடப்புத் தேர்தலை எடுத்துக்கொண்டால் கட்சிப் பற்று குறுக்கே வந்துவிடும் என்பதால், எடுத்துக்காட்டுகளை எல்லாம் முடிந்து ஆறிப்போன தேர்தல்களிலிருந்தே தருகிறேன்.

பெரும்பான்மை என்னும் சொல்

தமிழ்நாடு சட்டமன்றத்தில் 234 உறுப்பினர்கள். சரிபாதி 117. அதைவிட ஒருவர் கூடுதலாக, அதாவது 118 பேர் ஒரு பக்கம் நின்றால் அது பெரும்பான்மை. ஒரே கட்சி யாருடைய துணையும் இன்றி இந்த எண்ணிக்கையை எட்டினால் அதைத் தனிப்பெரும்பான்மை என்கிறோம். வேறு எந்தக் கட்சியையும்விட அதிக இடங்களைப் பிடித்தும், பாதியைத் தாண்டாமல் நின்றுவிடும் கட்சி தனிப்பெரும் கட்சி. எந்தக் கட்சியும் கூட்டணியும் பாதியைத் தாண்டாத அவை தொங்கு சட்டமன்றம்.

“தனிப்பெரும் கட்சி”, “தனிப்பெரும்பான்மை” என்ற இரண்டும் காதுக்கு ஒன்றுபோலவே ஒலிப்பதால் மேடைகளிலும் தொலைக்காட்சியிலும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றைச் சொல்லிவிடுகிறார்கள். வேறுபாடு பெரியது. 1952-இல் சென்னை மாநிலச் சட்டமன்றத்தில் 375 இடங்கள் இருந்தன. பெரும்பான்மைக்கு 188 தேவை. காங்கிரஸ் பெற்றவை 152. அது தனிப்பெரும் கட்சிதான், ஆனால் பெரும்பான்மை இல்லை. பிறரைச் சேர்த்துக்கொண்டுதான் இராஜாஜி ஆட்சி நடத்த முடிந்தது.

வாலிபால் ஆட்டத்தில் நடப்பது

கிராமத்து மைதானத்தில் நடக்கும் வாலிபால் போட்டி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் செட்டை ஒரு அணி 25-க்கு 10 என்று அடித்து நொறுக்குகிறது. அடுத்த மூன்று செட்களிலும் அதே அணி 23-க்கு 25 என்று நூலிழையில் தோற்கிறது. புள்ளிகளை எல்லாம் கூட்டினால் அந்த அணிக்கு 94, எதிரணிக்கு 85. ஆனால் கோப்பை எதிரணிக்குத்தான் போகும், ஏனென்றால் அங்கே எண்ணப்படுவது செட்கள்.

நம் தேர்தலில் ஒவ்வொரு தொகுதியும் ஒரு செட். அந்தத் தொகுதியில் மற்ற ஒவ்வொருவரையும்விட ஒரு வாக்கேனும் அதிகம் பெற்றவர் வென்றவர். பாதிக்கு மேல் பெற்றிருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. இதை முந்தியவர் வெல்லும் முறை என்று சொல்லலாம். மாநிலம் முழுக்க ஒரு கட்சி எத்தனை வாக்கு வாங்கியது என்ற கூட்டுத்தொகையைச் செய்தித்தாள்கள் போடுகின்றன, நாமும் ஆர்வத்தோடு படிக்கிறோம். ஆனால் இடங்களை ஒதுக்கும்போது அந்தக் கூட்டுத்தொகைக்கு எந்த வேலையும் இல்லை.

எல்லா நாடுகளும் இப்படிச் செய்வதில்லை. இலங்கை நாடாளுமன்றத்தில் 225 இடங்களும் கட்சிகள் பெறும் வாக்குகளை ஒட்டியே, மாவட்ட வாரியாகவும் தேசியப் பட்டியல் வழியாகவும் பங்கிடப்படுகின்றன. அதற்கு விகிதாசாரப் பிரதிநிதித்துவம் என்று பெயர். 2024 நவம்பர் தேர்தலில் அங்கே தேசிய மக்கள் சக்தி 159 இடங்களைப் பெற்றபோது அதன் வாக்கு 61 விழுக்காட்டுக்கும் மேல். தமிழ்நாட்டில் அவ்வளவு வாக்கு தேவைப்படாது. அதில் ஏறத்தாழ பாதியை வைத்தே ஒரு கட்சி தனித்து ஆட்சி அமைத்திருக்கிறது. அது எப்படி என்பதைச் சற்றுப் பின்னால் பார்ப்போம்.

மழை எவ்வளவு, ஏரி எத்தனை

வாக்குகளை மழையாகவும் தொகுதிகளை ஏரிகளாகவும் வைத்துக்கொண்டால் அடுத்த செய்தி எளிதில் விளங்கும். ஒரு மாவட்டத்தில் நல்ல மழை பெய்தது என்பதாலேயே எல்லா ஏரிகளும் நிரம்பிவிடா. மழை எந்த நீர்ப்பிடிப்பில் விழுந்தது என்பதுதான் கணக்கு. ஒரே ஏரியின் மேல் கொட்டித் தீர்த்தால் அந்த ஏரி நிரம்பிக் கலிங்கு வழியே நீர் வெளியேறும். பக்கத்து ஏரிகள் வறண்டே கிடக்கும். மாவட்டம் முழுக்கத் தூறல் மட்டும் போட்டால் மண் நனையுமே தவிர ஓர் ஏரியும் நிரம்பாது.

2021 தேர்தலில் திண்டுக்கல் மாவட்டம் ஆத்தூர் தொகுதியில் தி.மு.க. வேட்பாளர் 1,35,571 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். சென்னை தியாகராய நகரில் அதே கட்சியின் வேட்பாளர் வென்ற வித்தியாசம் 137. சட்டமன்றத்தில் இரண்டுக்கும் மதிப்பு ஒன்றுதான், ஆளுக்கு ஓர் இடம். ஆத்தூரில் தேவைக்கு மேல் விழுந்த அத்தனை வாக்குகளும் கலிங்கு தாண்டிய நீர். உண்மையான ஏரிகளிலாவது அந்த நீர் கால்வாய் வழியே அடுத்த ஏரிக்குப் போய்ச் சேரும். நம் முன்னோர்கள் அப்படித்தான் ஏரிகளைச் சங்கிலியாகக் கோத்து வைத்தார்கள். தொகுதிகளுக்கு இடையே அப்படி ஒரு கால்வாய் இல்லை. தியாகராய நகரில் 138 பேர் மாற்றி நினைத்திருந்தால், ஆத்தூரின் ஒரு லட்சத்துச் சொச்சம் வாக்குகளில் ஒன்றுகூட அங்கே உதவிக்கு வந்திருக்க முடியாது.

தூறலுக்கும் எடுத்துக்காட்டு உண்டு. அதே தேர்தலில் 234 தொகுதிகளிலும் தனித்து நின்ற நாம் தமிழர் கட்சி 6.58 விழுக்காடு வாக்குகளைப் பெற்றது. இடம் ஒன்றும் கிடைக்கவில்லை. ஏறத்தாழ 1 விழுக்காடு வாக்கு பெற்ற விடுதலைச் சிறுத்தைகள் கட்சி 4 இடங்களில் வென்றது. அந்தக் கட்சி 6 தொகுதிகளில் மட்டுமே நின்றது; அந்த 6 தொகுதிகளில் கூட்டணிக் கட்சிகளின் வாக்குகளும் அதற்கே விழுந்தன. ஒரு கட்சிக்கு உள்ள ஆதரவின் அளவும் அதற்குக் கிடைக்கும் இடங்களும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

இதுவரை பார்த்தவற்றில் இரண்டை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். எண்ணப்படுவது தொகுதி வெற்றிகளே. ஒரு தொகுதியில் மிஞ்சிய வாக்கு இன்னொரு தொகுதிக்குப் போகாது.

எதிர்ப்பு வாக்குகள் சேர்ந்தால், சிதறினால்

ஒரு கட்சியின் வாய்ப்பைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் அந்தக் கட்சியை மட்டுமே பார்க்கிறோம். என் கருத்தில், அதைவிட முக்கியம் எதிரில் இருப்பவர்கள் சேர்ந்து நிற்கிறார்களா, பிரிந்து நிற்கிறார்களா என்பது.

ஒரு தொகுதியில் 2 லட்சம் வாக்குகள் பதிவாகின்றன என்று வையுங்கள். முதல் கட்சிக்கு 72,000, இரண்டாவதற்கு 68,000, மூன்றாவதற்கு 60,000. முதல் கட்சி 36 விழுக்காட்டோடு வென்றுவிடுகிறது. அந்தக் கட்சி வேண்டாம் என்று வாக்களித்தவர்கள் 1,28,000 பேர். அடுத்த தேர்தலில் இரண்டாவதும் மூன்றாவதும் கைகோக்கின்றன. கூட்டணி சேர்ந்துவிட்டால் தொண்டர்கள் அனைவரும் அப்படியே வாக்கை மாற்றிப் போட்டுவிட மாட்டார்கள் என்பது உண்மைதான். மூன்றாம் கட்சியின் வாக்காளர்களில் பாதிப் பேர் கோபத்தில் வீட்டிலேயே இருந்துவிட்டாலும், கூட்டணிக்கு 98,000 வந்துவிடும். முதல் கட்சி தன் 72,000 வாக்குகளில் ஒன்றைக்கூட இழக்காமலேயே 26,000 வாக்கு வித்தியாசத்தில் தோற்கும்.

இந்தக் கற்பனைத் தொகுதியில் நடந்தது தமிழ்நாடு முழுவதும் நடந்திருக்கிறது. எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் அ.தி.மு.க. இரண்டாக உடைந்து, காங்கிரசும் தனியே நின்ற 1989 தேர்தலில், தி.மு.க. ஏறத்தாழ 33 விழுக்காடு வாக்குகளைக் கொண்டு 150 இடங்களைப் பிடித்தது. இலங்கையின் 61 விழுக்காட்டில் ஏறத்தாழ பாதியை வைத்தே ஆட்சி அமைந்தது என்று முன்னர் சொன்னது இதைத்தான். இரண்டே ஆண்டுகளில், 1991-இல், அ.தி.மு.க. ஒன்றுபட்டுக் காங்கிரசோடு கூட்டணியும் வைத்துக்கொண்டது. ராஜீவ் காந்தி படுகொலையால் எழுந்த அனுதாப அலையும் சேர்ந்தது. தி.மு.க.வின் வாக்கு 22 விழுக்காட்டை ஒட்டிச் சரிந்தது. வாக்கில் மூன்றில் ஒரு பங்குதான் போயிற்று, ஆனால் இடங்கள் 150-லிருந்து 2 ஆகிவிட்டன. அடுத்த தேர்தலில், 1996-இல், இதே அடி அ.தி.மு.க.வுக்கு விழுந்தது: 21 விழுக்காட்டுக்கும் மேல் வாக்கு, 4 இடங்கள்.

எனவே “பெரும்பான்மைக்கு எத்தனை விழுக்காடு வாக்கு வேண்டும்” என்று கேட்டால் ஒரே விடை சொல்ல முடியாது. நேருக்கு நேர் இருமுனைப் போட்டி என்றால் 40-ஐத் தாண்டியும் தோற்கலாம். நான்குமுனைப் போட்டியில் 33-ஐ வைத்துக்கொண்டு பெரு வெற்றி பெறலாம்.

நின்ற இடங்களும் வென்ற இடங்களும்

இப்போது 2001-இன் புதிருக்குத் திரும்பலாம். அந்தத் தேர்தலில் அ.தி.மு.க. நின்றவை 141 தொகுதிகள், மீதியை த.மா.கா., காங்கிரஸ், பா.ம.க., இடதுசாரிகள் ஆகியோருக்குக் கொடுத்திருந்தது. தி.மு.க. 183 தொகுதிகளில் நின்றது. நிற்காத தொகுதியில் ஒரு கட்சியின் பெயரில் வாக்கு விழாது, ஆகவே அ.தி.மு.க.வின் 31.44 விழுக்காடு முழுவதும் 141 தொகுதிகளிலிருந்து மட்டுமே வந்தது, தி.மு.க.வின் 30.92 விழுக்காடு 183 தொகுதிகளில் பரவிக் கிடந்தது. வேட்பாளர் நின்ற தொகுதிகளை மட்டும் எடுத்துப் பார்த்தால் அ.தி.மு.க.வின் சராசரி ஏறத்தாழ 52 விழுக்காடு, தி.மு.க.வின் சராசரி 39 விழுக்காடு. மாநில அளவில் அரை விழுக்காடாகத் தெரிந்த இடைவெளி, களத்தில் 13 விழுக்காடாக இருந்திருக்கிறது.

1967-லும் இப்படித்தான் நடந்தது. அப்போது காங்கிரஸ் 41 விழுக்காட்டை ஒட்டி, தி.மு.க.வைவிடச் சற்றுக் கூடுதலாகவே வாக்கு பெற்றிருந்தது. ஆனால் 137 இடங்களோடு ஆட்சிக்கு வந்தது, கூட்டணிக் கட்சிகளுக்கு இடம் விட்டுக்கொடுத்துக் குறைந்த தொகுதிகளில் நின்ற தி.மு.க.

ஆனால் விட்டுக்கொடுப்பதற்கு ஒரு விலையும் இருக்கிறது. தொகுதிப் பங்கீடு என்பது ஒரு கட்சி எட்டக்கூடிய உச்சத்தை வாக்குப்பதிவுக்கு முன்பே தீர்மானித்துவிடும் ஒப்பந்தம். 2006-இல் தி.மு.க. பெரிய கூட்டணியை அமைத்து, தனக்கென 132 தொகுதிகளை வைத்துக்கொண்டது. 132-இல் நின்று 118-ஐத் தனித்துத் தொட வேண்டுமானால் நூற்றுக்கு 89 தொகுதிகளில் வெல்ல வேண்டும். அலை வீசும் தேர்தலில்தான் அது நடக்கும். தி.மு.க. வென்றவை 96, அதாவது நூற்றுக்கு 73. நல்ல வெற்றிதான், ஆனால் பெரும்பான்மை கைக்கு வரவில்லை. 2021-இல் அதே கட்சியின் உதயசூரியன் சின்னத்தில், சிறு தோழமைக் கட்சியினரையும் சேர்த்து, 188 பேர் நின்றார்கள். அங்கே 118-க்குத் தேவைப்பட்டது நூற்றுக்கு 63. வென்றவர்கள் 133 பேர்.

கட்சித் தலைவர்கள் ஒரு தொகுதிக்காக நள்ளிரவு வரை பேரம் பேசுவதைப் பலர் பதவி ஆசை என்று மட்டும் பார்க்கிறார்கள். தோழமைக் கட்சிக்குக் கூடுதலாக ஐந்து தொகுதிகள் கொடுத்தால் எதிர்ப்பு வாக்கு சிதறாது, ஆனால் தன் கட்சியின் உச்சம் ஐந்து குறையும். இந்த இரண்டையும் எடைபோடுவதுதான் அந்த இரவுகளில் நடக்கிறது. பெரும்பான்மையின் பாதிக் கதை அங்கேயே முடிந்துவிடுகிறது.

சுருக்கமாகச் சொன்னால், ஒரு கட்சியின் வாக்கு விழுக்காட்டைக் கேள்விப்பட்டதும், அது எத்தனை தொகுதிகளில் நின்று பெற்றது, எத்தனை முனைப் போட்டியில் பெற்றது என்று உடனே கேட்க வேண்டும்.

கட்-ஆஃப் மதிப்பெண் போல

பொறியியல், மருத்துவக் கலந்தாய்வு நடக்கும் வீடுகளுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். ஒரு குறிப்பிட்ட கட்-ஆஃப் மதிப்பெண்ணைச் சுற்றி மாணவர்கள் அடர்ந்து நிற்கும்போது, அரை மதிப்பெண் குறைந்தாலும் தரவரிசையில் பல நூறு இடங்கள் பின்னால் போய்விடுவோம். தேர்தலிலும் இரண்டு பெரிய அணிகள் சமபலத்தில் இருக்கும்போது, ஏராளமான தொகுதிகள் இப்படித்தான் சில ஆயிரம் வாக்குகளுக்குள் அடர்ந்து நிற்கின்றன.

ஒரு தேர்தலிலிருந்து அடுத்த தேர்தலுக்கு ஓர் அணியிலிருந்து மற்றோர் அணிக்கு வாக்காளர்கள் இடம்பெயர்வதை வாக்கு நகர்வு என்போம். 100 பேரில் இருவர் நகர்ந்தால், ஒரு பக்கம் 2 குறைந்து மறுபக்கம் 2 கூடுகிறது. ஆகவே இடைவெளி 4 மாறிவிடும். 4 விழுக்காட்டுக்குக் கீழே வென்ற தொகுதிகள் அனைத்தும் ஒரே அடியில் கைமாறலாம். 2016-இல் இரு பெரும் அணிகளுக்கும் இடையே மாநில அளவில் இருந்த வாக்கு வித்தியாசம் ஏறத்தாழ 1 விழுக்காடு. அந்த 1 விழுக்காடு 134-க்கும் 98-க்கும் உள்ள வித்தியாசமாக மாறியது. திருநெல்வேலி மாவட்டம் ராதாபுரத்தில் முடிவைத் தீர்மானித்தவை 49 வாக்குகள். மக்களவையிலும் இதைப் பார்த்தோம். 2019-க்கும் 2024-க்கும் இடையே பா.ஜ.க.வின் வாக்கு 1 விழுக்காட்டுக்கும் குறைவாகவே சரிந்தது, ஆனால் இடங்கள் 303-லிருந்து 240-ஆகக் குறைந்து 272 என்ற பெரும்பான்மை எண் கைநழுவியது. அதில் பெரும் இழப்பு உத்தரப் பிரதேசம் என்ற ஒரே மாநிலத்தில் நேர்ந்தது.

கருத்துக்கணிப்புகள் இடறி விழுவதும் இங்கேதான். ஆயிரம் பேரைச் சரியான முறையில் தேர்ந்தெடுத்துக் கேட்டால், ஒரு கட்சியின் ஆதரவை 3 விழுக்காடு கூடுதலோ குறைவோ என்ற அளவில் கணிக்கலாம். விழுக்காட்டைச் சொல்வதற்கு அது பரவாயில்லை. ஆனால் 1 விழுக்காட்டில் 36 இடங்கள் மாறக்கூடிய மாநிலத்தில், 3 விழுக்காடு தவறக்கூடிய கருவியை வைத்துக்கொண்டு “121 முதல் 127 இடங்கள் வரை” என்று சொல்வது கணக்குக்குப் பொருந்தாது. ஆயிரம் பேரை 234 தொகுதிகளுக்குப் பிரித்தால் தொகுதிக்கு நான்கு பேர்தான் வருகிறார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வாக்கு எண்ணி முடிந்த பிறகு

118 என்பதைத் தேர்தல் இரவில் ஒருமுறை தொட்டுவிட்டு மறந்துவிடும் எண்ணாக நினைத்துவிடக் கூடாது. ஆட்சி நீடிப்பது அவையின் நம்பிக்கையைப் பொறுத்தது. அதைச் சோதிப்பதற்குப் பெயர் நம்பிக்கை வாக்கெடுப்பு. அங்கே எண்ணப்படுபவர்கள் அன்று அவைக்கு வந்து வாக்களிக்கும் உறுப்பினர்கள். பேரவைத் தலைவர் முதலில் வாக்களிப்பதில்லை. இரு பக்கமும் சமமானால் மட்டும் வாக்களிப்பார். கொறடாவின் உத்தரவை மீறி வாக்களிக்கும் உறுப்பினர், 1985-இல் கொண்டுவரப்பட்ட கட்சித்தாவல் தடைச் சட்டத்தின்படி பதவியை இழக்க நேரிடும்.

2006-இல் 96 இடங்களோடு நின்ற தி.மு.க., 34 இடங்கள் பெற்ற காங்கிரஸ் அமைச்சரவையில் சேராமல் வெளியிலிருந்து கொடுத்த ஆதரவையும் மற்றத் தோழமைக் கட்சிகளின் ஆதரவையும் கொண்டு ஐந்து ஆண்டுகளும் ஆட்சி நடத்தியது. அடுத்ததாக, தனிப்பெரும்பான்மையோடு தொடங்கிய ஆட்சி தடுமாறியதையும் பார்த்தோம். 2016-இல் வென்ற அ.தி.மு.க., ஜெயலலிதா மறைந்த பின் பிளவுபட்டது. 2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி 122-க்கு 11 என்ற கணக்கில் நம்பிக்கை வாக்கு பெற்றார். அதே ஆண்டு செப்டம்பரில் 18 உறுப்பினர்கள் தகுதிநீக்கம் செய்யப்பட்டார்கள். இடங்கள் காலியாகும்போது அவையின் எண்ணிக்கை சுருங்குகிறது, பாதியும் அதோடு சேர்ந்து சுருங்குகிறது. அதனால் ஆட்சி அப்போதைக்குத் தப்பியது. ஆனால் காலியிடங்கள் நிரப்பப்படும் நாளில் 118 மறுபடியும் 118 ஆகிவிடும்.

அந்த நாள் 2019 மே 23. அந்த 18 உள்பட, காலியாக இருந்த 22 சட்டமன்றத் தொகுதிகளின் இடைத்தேர்தல் முடிவுகளும் மக்களவைத் தேர்தல் முடிவுகளும் ஒன்றாக வெளிவந்தன. மக்களவையில் அ.தி.மு.க. அணி தேனி ஒன்றைத் தவிர மாநிலம் முழுவதும் தோற்றிருந்தது. இடைத்தேர்தலில் தி.மு.க. 13 இடங்களையும் அ.தி.மு.க. 9 இடங்களையும் வென்றன. அந்தத் தொகுதிகளில் பெரும்பாலானவற்றில் வாக்காளர்கள் ஒரே நாளில், ஒரே வாக்குச்சாவடியில், அடுத்தடுத்து இருந்த இரண்டு இயந்திரங்களில் வாக்களித்திருந்தார்கள். மக்களவைக்கான இயந்திரம் அ.தி.மு.க.வை ஏறக்குறையத் துடைத்தெறிந்தது. பக்கத்து இயந்திரம் கொடுத்த 9 இடங்களால் அக்கட்சியின் பலம் 118-ஐத் தாண்டியது, 2021 வரை ஆட்சியும் தொடர்ந்தது.